சீனியரா, சின்னதா?

தேசிய அணிக்கு ஒரு சுழல்பந்து வீச்சாளரைத் தேடிப் பிடித்துவிடலாம், ஆனால் மனைவியைச் சமாளிக்க முடியாது என்று தேர்வுக்குழுத் தலைவருக்குத் தோன்றியது. வீட்டில் எந்த ஆட்டக்காரர் பெயரையும் சொல்லக்கூடாது என்று அவர்தான் சட்டம் போட்டிருந்தார். அவளும் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசினாள்.

“சீனியரை விட்டுட்டு அந்தச் சின்னதையா எடுக்கப் போறீங்க?”

“தலையை ஆட்டாதே. சிக்கு எடுக்க முடியல.”

“எத்தனை மேட்ச் ஜெயிச்சுக் கொடுத்த கை! கொஞ்சமாவது நன்றி வேண்டாம்?”

“அந்தக் கைதான் இப்ப பிரச்சினையே. தோள் போச்சு.”

“டாக்டரே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டார். குழுவுல எல்லாரும் சரிங்கறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“காலையிலேருந்து இதே பாட்டு! உயிரை வாங்காதே.”

“காரணத்தைச் சொல்லுங்க, வாயை மூடிக்கறேன்.”

அவர் பாதி வாரிய தலையை அப்படியே விட்டுவிட்டு, சீப்பை அவள் மடியில் போட்டார்.

“மீதியை வலது கையால நீயே வாரிக்கோ. வாரிட்டேன்னா உன் பேரையே எழுதிடறேன்.”

பெண்கள் அணியின் சீனியர் சுழல்பந்து வீச்சாளர் சீப்போடு கையைத் தூக்கினாள். அது காதுவரை வந்து நின்றுவிட்டது.

அவளே சீப்பை அவரிடம் நீட்டினாள்.

“சின்னதுக்கு ஃபீல்டிங் சுத்தமா வராது. சொல்லி வைங்க.”