மரம் வைக்கும் இடம்

“டீச்சர்! அந்தப் பொன்னுரங்கம் நம்ம கன்னுங்க மேலயே மரத்தைப் போட்டுட்டாரு!”

மூச்சிரைக்க ஓடிவந்தாள் புஷ்பவல்லி. வரலட்சுமி டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பாதியில் மூடினாள்.

ராயபுரம் கடற்கரையை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகள் இரண்டு முறை பூவரசங்கன்று நட்டுவிட்டார்கள். இரண்டு முறையும் கடற்காற்று மணலை வாரிக் கொட்டி மூடிவிட்டது. நேற்று மூன்றாம் முறை. பதினோரு கன்றுகள், பதினோரு பிள்ளைகளின் பெயரில்.

நேற்றே தகராறு.

“இங்கே மரம் வைக்கப் போறோம்” என்றாள் டீச்சர்.

“நானுந்தாம்மா இங்க மரம் வெச்சிகினு கீறேன். எங்க நைனா காலத்துலேர்ந்து” என்றார் பொன்னுரங்கம்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்ன மரம், கட்டுமரம். கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து அவர் காயப்போடும் இடம் அது.

“இது சர்க்கார் இடம். கலெக்டர் துரைக்கு மனு போடுவேன்.”

“போட்டுக்கோ. கன்னு வைக்கிறாங்களாம், கன்னு! ஒரு காத்துக்குத் தாங்குமா இது?”

நேற்றே எழுதிவைத்த மனு மேசைமேல் இருந்தது. டீச்சர் அதை எடுத்துக்கொண்டாள்.

“மூணு தடவை இல்லே, முப்பது தடவை ஆனாலும் நடுவோம். எல்லாரும் வாங்க!”

தூரத்திலேயே தெரிந்தது. கன்றுகள் இருந்த இடத்தில் கட்டைகள்தான் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார் பொன்னுரங்கம்.

“பிள்ளைங்க நட்டதை நசுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?”

அவர் தலை நிமிரவில்லை. “மொதல்ல கிட்டப் போய் எண்ணிக்கோ டீச்சரம்மா. அப்பால சண்டை போடு.”

டீச்சர் கிட்டே போனாள். கட்டைகள் கன்றுகளின் மேல் இல்லை. கடல் பக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, சுவர்போல் அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் மணல் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. இந்தப் பக்கம் ஈரம்கூடக் காயவில்லை.

“பதினொண்ணும் கீது டீச்சர்!” என்று கத்தினாள் புஷ்பவல்லி.

டீச்சரின் கை மனுவைக் கசக்கியது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“காத்து சொல்லிகினா வருது? ராத்திரி திடீர்னு கெளம்பிடுச்சி. இன்னொரு தபா மூடிச்சின்னா இந்தப் புள்ளைங்க அழுவுங்க. அது பெரிய பேஜாரு.”

டீச்சர் கடலைப் பார்த்தாள். குப்பத்துக் கட்டுமரங்கள் எல்லாம் தொலைவில் புள்ளிகளாகத் தெரிந்தன.

“நீங்க மட்டும் இன்னிக்குக் கடலுக்குப் போகலையா?”

பொன்னுரங்கம் கட்டைச் சுவரைக் காட்டினார்.

“மரம் இங்க கீதே, எதுல போறது? வேர் புடிக்கட்டும், போறேன்.”