கொக்கு வரைந்த தவளை

ஓவியம் படிக்கும் கொக்கு, நேரில் பார்த்து வரைவதற்காக ஒரு தவளையைக் கல்மேல் உட்காரவைத்தது. கரித்துண்டை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி அளவெடுத்தது.

“எதுக்கு அளவு?” என்றது தவளை.

“உன் தலையைப் போல உடம்பு எத்தனை மடங்குன்னு பார்க்கிறேன். ஆடாதே.”

தவளை மூச்சை அடக்கிக்கொண்டு, கொக்கின் அலகையே பார்த்தபடி இருந்தது.

மதியம் படம் முடிந்தது. படத்துத் தவளை தாவி ஓடப்போவதுபோல் இருந்தது.

“நான் அசையவே இல்லையே!”

“நீ அசையல. உன் தொடைதான் காலையிலிருந்து என்னை நம்பவே இல்ல. அதை அப்படியே வரைஞ்சேன்.”

தவளைக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதுதான், படத்தில் அந்தத் தொடைமேல் ஒரு சொட்டு ஈரத்தைக் கண்டது.

“கரியிலதானே வரைஞ்சே? இந்த ஈரம் ஏது?”

கொக்கு அவசரமாக அலகைத் துடைத்துக்கொண்டது.