இரவல் குரல்

ஊரடங்கில் நூலகம், கேட்டுப் பதில் பேசும் குரல்களையும் இணையத்தில் இரவல் தந்தது. கணவர் உயிரோடிருந்தபோது கதை வாசிப்பதற்காக நூலகத்துக்குக் கொடுத்த குரலைச் செங்கமலம் எடுத்திருந்தாள். தன் கால்வலி, அவருடைய குறட்டை என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்லிப் பழக்கினாள். தவணை முடிந்தது.

"புதுப்பிச்சுத் தர முடியாதா கண்ணு?"

"வேற ஒருத்தர் காத்திருக்காங்கக்கா," என்றாள் நூலகர் தாட்சாயணி. "நீங்க பேசுனதையெல்லாம் அழிச்சுட்டுத்தான் அவங்களுக்குக் கொடுக்கணும்."

காத்திருந்து மறுபடியும் எடுத்தாள்.

"வணக்கம், உங்க பேரு என்னங்க?" என்றது அவர் குரல்.

"செங்கமலம்."

"நல்ல பேருங்க."

பெண் பார்க்க வந்த அன்றும் இதைத்தான் சொன்னார். அன்று வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். இன்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூங்குனா உங்களுக்குக் குறட்டை வருமுங்க," என்று ஆரம்பித்தாள்.