பன்னிரண்டு மணிக்குக் குளம்

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

தேர்வறையில் அவள் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு மாணவர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்காணிக்க வந்த ஆசிரியை அவள்; அறையை விட்டு வெளியே போகக் கூடாது. கைப்பேசியும் கூடாது.

குளம் விடுதிக்குப் பின்னால் இருந்தது. இங்கிருந்து தெரியாது.

பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்ப்பதாகப் பதிவாளர் மாசிலாமணி சொல்லியிருந்தார். தண்ணீர் நின்றால் குளம். இல்லையென்றால் மூடிவிட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்ட். மறுபேச்சே கிடையாது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவளும் மாணவர்களும் பாடத்தின் பகுதியாக வெட்டிய குளம் அது. போன வருடம் மழை விட்ட மூன்று மணி நேரத்தில் வற்றிப்போனது. நடுவில் கொஞ்சம் சேறும் ஒரு தவளையும் மிச்சம். தவளைப் பண்ணை எப்படிப் போகிறது என்று பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்டார். மானம் போயிற்று.

அப்போதுதான் உவாசே வந்தாள். ருவாண்டாவிலிருந்து படிக்க வந்தவள். அவள் நாட்டில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊரே தெருவில் இறங்கி வேலை செய்யுமாம். மந்திரியும் மண்வெட்டி பிடிப்பாராம். நாமும் செய்வோம் என்றாள்.

எட்டு மாதம். எட்டுச் சனிக்கிழமைகள்.

இந்த முப்பத்தெட்டுப் பேரும் தோளில் கை போட்டு வரிசையாக நின்று, தண்ணீர் கசியாதபடி குளத்தின் அடியில் களிமண்ணை மிதித்தார்கள். பாட்டு உவாசே ஊர்ப் பாட்டு. தாளம் நம் ஊர்த் தாளம்.

இரண்டு நாள் கொட்டிய மழை இன்று காலை ஏழு மணிக்கு விட்டது. இப்போது நல்ல வெயில்.

ஐந்து மணி நேரம்.

கையிலிருந்த வினாத்தாளைப் பார்த்தாள். நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன? இரண்டு மதிப்பெண். இதைக் கேட்டவர் ஒரு கூடைக் களிமண்கூடத் தூக்கியிருக்க மாட்டார்.

பன்னிரண்டு பத்து. யாரும் வரவில்லை.

உவாசே எழுந்து விடைத்தாளை நீட்டினாள். கடைசிக் கேள்வி காலி. பதினாறு மதிப்பெண். குளத்தைப் பார்க்க ஓடத் துடிப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தனக்கும் அதே துடிப்புதான் என்று காட்டிக்கொள்ளாமல் அவள் பெஞ்சைக் காட்டினாள். உவாசே போய் உட்கார்ந்தாள். பேனாவைத் தொடவில்லை.

பன்னிரண்டு இருபது.

வாசலில் மாசிலாமணி.

மேலே இஸ்திரி கலையாத சட்டை. கீழே இடுப்பு வரை சொட்டச் சொட்ட ஈரம். கையில் ஷூ.

தேர்வறையில் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டவரே அவர்தான். அதனால் வாயைத் திறக்கவில்லை. கையை முட்டி உயரத்தில் வைத்துக் காட்டினார். இல்லை என்று தலையாட்டினார். கையை இடுப்புக்கு உயர்த்தினார்.

மற்ற முப்பத்தேழு பேனாக்களும் நின்றன.

இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சத்தமில்லாமல் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் பக்கத்தில் வந்து, சுற்றறிக்கையை மீறினார்.

"ஸ்டாண்ட வேற எங்கயாச்சும் போட்டுக்கலாம்மா. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் நிக்கறேன்."

அவளுடைய ஒரு கால் வாசலுக்குப் போய்விட்டது.

முப்பத்தெட்டு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

வேண்டாம் சார் என்று தலையாட்டினாள். ஒரு மணிக்குத் தேர்வு முடியட்டும். எல்லோருமாகப் போகலாம்.

அவர் போனார். உவாசே பேனாவை எடுத்தாள்.

அவர் நின்ற இடத்தில் தரையில் குளத்துத் தண்ணீர். உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவள் செருப்பைக் கழற்றினாள்.