மழைக் காட்சி

"உலகமே தொலைத்துவிட்டுக் கண்ணீர் வடித்த காவியத்தை, இதோ, நம் தொலைக்காட்சி மீட்டெடுத்துவிட்டது," என்று அறிவித்தார் நிகழ்ச்சி மேலாளர்.

உலகத்தின் சார்பில் அந்த எடிட்டிங் அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: வயதான இயக்குநர், அவருடைய மகள், எடிட்டர். கண்ணீர் வடிக்கிற நிலையில் இருந்தவர் எடிட்டர் மட்டும்தான்.

"பிலிம் கிடங்கு எரிஞ்சப்ப எல்லாப் பிரதியும் போச்சுன்னாங்களே, சார்?" என்றாள் மகள்.

"தேடினா கிடைக்கும்மா. முகம் மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கும். பழைய சரக்கு."

இயக்குநருக்கான பாராட்டு நிகழ்ச்சிக்கு விளம்பரம் போட்ட பிறகுதான் மேலாளர் தேடவே ஆரம்பித்தார் என்பது எடிட்டருக்குத் தெரியும்.

மகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஸ்கூல்ல என்னைப் பார்த்தாலே பசங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுவானுங்க, சார். எல்லாம் அப்பா படத்தைக் கிண்டலடிச்ச அந்தக் காமெடி நிகழ்ச்சி பண்ணின வேலை. அது வந்தாலே அப்பா டிவியை அணைச்சிடுவார். படத்தையும் நான் பார்த்ததில்லை. அப்பா நிஜமாவே சிரிக்கிற மாதிரிதான் எடுத்தாரான்னு ஒரு தடவை தெரிஞ்சாப் போதும்."

"கோமாளிப் பய," என்றார் இயக்குநர். "என் கதாநாயகன் மீசை முதக்கொண்டு காப்பியடிச்சு, பின்னாடி சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்துவிட்டான். அதுக்கப்புறம் எவன் எனக்குப் படம் கொடுத்தான்?"

எடிட்டர் விளக்கை அணைத்தார்.

திரையில் மழை. ஒருவன் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். யாரும் திறக்கவில்லை. வழுக்கி விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சரிகிறான். மழையைத் தவிர வேறு சத்தமே இல்லை.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த மழையைப் பாரும்மா. ஒவ்வொரு துளியும் நான் சொன்ன இடத்துலதான் விழுந்துச்சு."

மகள் மழையைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். "இதைப் பார்த்தாப்பா சிரிச்சானுங்க?"

"விடும்மா."

மேலாளர் கைதட்டினார். யாரும் சேர்ந்துகொள்ளாததால், போன் வந்ததுபோல் வெளியே போய்விட்டார். மகள் முகம் கழுவப் போனாள்.

இயக்குநர் இருண்ட திரையைப் பார்த்தபடியே எடிட்டரிடம் சொன்னார்.

"சிரிப்புச் சத்தத்தைத் துளி மிச்சமில்லாம எடுத்திருக்கீங்க, தம்பி. என் படத்துல மழையே கிடையாது. இது அந்தக் கோமாளி எடுத்தது. என்னைவிட நல்லாத்தான் எடுத்திருக்கான்."