அட்டவணை 4.11

முத்திரையில் மை தொட்டாயிற்று. சென்னியப்பன் சாரின் கைதான் பாதியில் நின்றுவிட்டது.

அறுபத்து மூன்றாம் பக்கம்.

எதிர் நாற்காலியில் அவள் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். பனியன் கம்பெனி எச்.ஆர். மேனேஜர் எவரும் மாணவர்களின் ஆய்வறிக்கையைப் படிப்பதில்லை என்று வகுப்பே சத்தியம் செய்திருந்தது. இவர் படிக்கிறார். அதுவும் விரல் வைத்துப் படிக்கிறார்.

நாளைக் காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. கம்பெனி முத்திரை இல்லாத அறிக்கையைத் தொடக்கூட மாட்டார்கள். பி.பி.ஏ. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

தலைப்பு என்னவோ சாதுவானதுதான். 'பெண் தொழிலாளர்கள் விடுப்பு எடுப்பதற்கான காரணங்கள்.'

வகுப்பில் பாதிப் பேர் கேன்டீனில் உட்கார்ந்து, நாலு நிறப் பேனாவில், தொழிலாளர்கள் நிரப்ப வேண்டிய வினாப்படிவங்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். நூறு பேரைக் கேட்டார்களாம். நூறு பேரும் ஒரு கேள்வி விடாமல் பதில் சொன்னார்களாம். அடேயப்பா, என்ன ஒத்துழைப்பு!

இவள் மூன்று வாரம் தையல் பிரிவின் வாசலில் நின்றாள். டீ நேரத்தில். வேலை விட்டு பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில். எண்பத்து மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

லீவு போடக் காரணம் என்ன? உடல்நலம். குடும்பம். பஸ் வசதி. மற்றவை.

யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் 'மற்றவை'யைக் கடைசியில் வைத்திருந்தாள்.

ஐம்பத்தேழு பேர் தொட்டிருந்தார்கள். கையெழுத்து வேறு வேறு, விஷயம் ஒன்றே.

மாடிக் கழிப்பறையில் ஆறு கதவுகள். எதிலும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி வேண்டும். இரண்டு பேரைச் சேர்த்து அனுப்ப சூப்பர்வைசர் சம்மதிப்பதில்லை. அதனால் மாதத்தில் அந்த மூன்று நாளும் அவர்கள் வேலைக்கு வருவதில்லை.

அவ்வளவுதான் அட்டவணை 4.11.

"ஏங்கண்ணு," என்றார் அவர். "இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துப்போடு. துணி வாங்கற வெளிநாட்டு பையர் கண்ணுல பட்டா ஆர்டர் போயிரும். எடுத்துட்டீன்னா இப்பவே சீல் வெக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடம். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அவள் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"எடுத்தர்றேனுங் சார். நீங்க தாப்பா மாட்டிப்போடுங்க. மாட்டிட்டா இந்த டேபிள் தப்பாயிரும். தப்பான டேபிள நானே வெக்க மாட்டேனுங்க."

"மெரட்டறயா?"

"ஐயோ, இல்லீங் சார். ஆறே கதவுதானுங்க."

அவர் முத்திரையை டிராயரில் போட்டு மூடினார். எழுந்து வெளியே போய்விட்டார்.

போச்சு என்று நினைத்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இல்லை, இருந்திருக்க முடியாது. அந்த ஐம்பத்தேழு பேரில் பலர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று எழுதியவர்கள்.

பன்னிரண்டு மணி. ஒரு மணி. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. டீ வந்தது. குடித்தாள்.

இரண்டரைக்கு மாடியில் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது.

நாலு மணிக்கு அவர் வந்தார். உட்காரவில்லை.

"போய்ப் பாத்துக்க."

போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் நுழைந்து, சாத்தி, தாழ் போட்டுப் பார்த்தாள். நாலாவது கதவில் தாழ்ப்பாள் துளைக்குள் விழவில்லை.

"அண்ணா, இது விழுகலீங்க."

பெட்டியை மூடிக்கொண்டிருந்த தச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதையுமா அம்மணி பரீட்சையில கேக்கறாங்க?" என்றபடி மறுபடியும் ஆணியைக் கழற்றினார்.

அவள் வெளியே வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப். துணைக்கு யாரும் இல்லை. இவளைத் தாண்டி உள்ளே போனாள்.

தாழ் விழும் சத்தம் கேட்டது.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷத்தில் அழுகை வந்துவிடும்போல இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

மூன்று பிரதிகள். மூன்றிலிருந்தும் அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் தன் கையாலேயே உருவினாள். கண்டறிந்தவை என்ற பக்கத்தில் அதைச் சொல்லும் வரியையும் அடித்தாள். இருந்த ஒரே உருப்படியான முடிவும் போயிற்று. மார்க் குறையும். குறையட்டும்.

மூன்று முத்திரைகளும் பளிச்சென்று விழுந்தன.

மறுநாள், வெளியூர்க் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மையார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். முன்னால் ஒரு பக்கம் போனார். திரும்பி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் நெளிந்தார்.

"நாலு புள்ளி பத்து இருக்கு. அடுத்தாப்பல நாலு புள்ளி பன்னெண்டு வருது. நடுவுல இருந்த டேபிள் எங்கம்மா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கம்பெனியில மாட்டியாச்சுங்க மேடம்."