சாட்சிக்கு வந்த கும்மி

அந்த இடத்தில் கண்மாயே இருந்ததில்லை, வெறும் மேட்டு நிலம்தான் என்று நிலத்தை வாங்கியவரின் வக்கீல் சாதித்தார். ஊர்க்காரர்களிடம் பத்திரம் எதுவும் இல்லை. கும்மிப் பாட்டுக்காரி பூமயில்தான் இருந்தாள். கண்மாயின் மடைகளைப் பேர் சொல்லிப் பாடும் பழைய பாட்டு அவளுக்கு மனப்பாடம்.

"பாடுங்கம்மா" என்றார் நீதிபதி.

கூண்டுக்குள் நின்றபடி அவளுக்குப் பாட்டு வரவில்லை.

"இது சுத்தி வந்து அடிக்கிற பாட்டுங்கய்யா."

வெளியே வரச் சொன்னார். மேசைகளுக்கு நடுவே சுற்றி வந்து கைதட்டிப் பாடினாள். மருத மடை, சங்கு மடை, கிழவன் மடை... பின்வரிசையில் இருந்த ஊர்ப் பெண்களும் தங்களை அறியாமல் தட்டினார்கள். தட்டச்சர் ஒவ்வொரு பேராகப் பதிந்துகொண்டே வந்தார்.

ஐந்தாவது மடையோடு பூமயில் நின்றுவிட்டாள்.

"இன்னும் ஒரு கண்ணி இருக்கே, பாடு" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்.

"அது நான் கட்டினதுங்கய்யா. கண்மாயில மண்ணடிச்சு மூடின அன்னைக்கு. சத்தியம் பண்ணிட்டு அதையும் பழசுன்னு சொல்ல மாட்டேன்."

வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்போ மத்ததும் இவங்க கட்டினதா இருக்கலாமே!"

ஊர்க்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று பூமயில் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். நீதிபதி வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அதையும் பாடுங்க."

"அது சாட்சி இல்லீங்களேய்யா."

"தெரியும்."

தட்டச்சர் விசைகளிலிருந்து கையை எடுத்தார். பூமயில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் தட்டுக்குக் கைகளை உயர்த்தினாள்.